நாலு லேன் ரெண்டான கதை



ஒரு ஊரோட கடைத்தெரு செத்துப்போச்சு. ஷட்டர் எல்லாம் இறங்கியே கிடக்கு, ஆறு மணிக்கு மேல ஆள் நடமாட்டம் இல்ல. என்ன பண்ணலாம்? 'ரோட்டை அகலப்படுத்து, பாலம் கட்டு.' நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். கிரீன்வில் கதையைப் படிச்ச பிறகுதான் என் எண்ணம் மாறுச்சு.

கிரீன்வில், அமெரிக்காவின் தெற்குக் கரோலைனா மாநிலத்தில் இருக்கும் ஒரு சின்ன நகரம். ஒரு காலத்தில் துணி மில்களுக்குப் பேர் போன ஊர். அப்புறம் ஊருக்கு வெளியே ஷாப்பிங் மால்கள் வந்தன. மெயின் ஸ்ட்ரீட் கடைகள் ஒவ்வொன்றாக அங்கே போய்விட, தெரு காலியானது.

இங்கேதான் மேக்ஸ் ஹெல்லர் வர்றார். வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது அவருக்கு 18 வயது. முந்தைய வருடம் ஒரு நடன நிகழ்ச்சியில் சந்தித்த கிரீன்வில் பெண்ணுக்கு உதவி கேட்டு எழுதினார். அந்தப் பெண் ஒரு சட்டை ஃபேக்டரி முதலாளியிடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்தார். வந்ததும் கிடைத்த வேலை, ஃபேக்டரியில் தரை கூட்டுவது. பின்னாளில் சொந்தமாகச் சட்டை கம்பெனி நடத்தினார். 1971இல் அதே ஊருக்கு மேயரானார்!

மரநிழல், காபிக்கடை, நடந்து போற ஜனம்னு அவர் பார்த்து வளர்ந்தது ஐரோப்பியத் தெருக்களை. அதனால மெயின் ஸ்ட்ரீட்டை அகலப்படுத்தல, குறுக்கினார். லாரன்ஸ் ஹால்ப்ரின் என்ற நிலவடிவமைப்பாளரை வைத்துத் திட்டம் போட்டு, நாலு லேனை ரெண்டாக்கினார்கள். மிச்ச இடத்தில் அகலமான நடைபாதை, மரங்கள், சாய்வாக நிறுத்தும் பார்க்கிங்.

கொஞ்சம் கடைக்காரர் இடத்துல இருந்து யோசிங்க. ஏற்கெனவே வியாபாரம் இல்ல, இதுல ரோட்டையும் பாதியாக்கினா வயிறு கலங்காதா?

அதனால் மரம் நட்டதோடு விடவில்லை. தெருவின் ஒரு பக்கம், நகராட்சியும் தனியாரும் சேர்ந்து கொண்டுவந்த ஹயாட் ஹோட்டல், 1982இல். இன்னொரு பக்கம் பீஸ் சென்டர் கலையரங்கம், 1990இல். ரெண்டுக்கும் நடுவில் ஜனம் நடந்தே ஆக வேண்டும். நடக்கிற வழியில்தானே கடை பிழைக்கும்?

அடுத்தது இன்னும் துணிச்சல். ஊர் நடுவே ரீடி ஆற்றில் ஓர் அருவி இருக்கு. அதுக்கு மேலேயே 1960இல் நாலு லேன் பாலம் கட்டி மறைச்சிருந்தாங்க. 2002இல் அந்தப் பாலத்தை இடித்தார்கள். 2004இல் அங்கே ஃபால்ஸ் பார்க் திறந்தது, நடந்து போகிறவர்களுக்கு மட்டுமான லிபர்ட்டி பாலத்தோடு.

1970களில் தொடங்கி 2004 வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க. பல மேயர்கள் வந்து போயிருக்காங்க, திசை மட்டும் மாறல. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆனா ஒரு உறுத்தலையும் சொல்லியாகணும். தெரு அழகானதும் சுற்றுவட்டாரத்தில் வாடகையும் வீட்டு விலையும் ஏறின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியேற வேண்டி வந்தது. மரம் வைக்கும்போதே, எளியவங்க வீட்டு வாடகையைப் பத்தியும் திட்டத்துல எழுதியிருக்கணும்.

அடுத்த தடவை உங்க ஊர் கடைத்தெருவுக்குப் போனா, 'இங்க என்ன கட்டலாம்'னு கேட்கறதுக்கு முன்னாடி, 'இங்க எதை எடுத்துடலாம், எடுத்தா யாரு பாதிக்கப்படுவாங்க'ன்னு கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!