காதுகுத்துக்குக் குதிரை வருதா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம சின்னாளப்பட்டி பக்கம் காதுகுத்துன்னா தாய்மாமன் சீர், மேளம், வெடி எல்லாம் உண்டு. சில வீடுகளில் இப்போ குதிரையும் வருது. கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை ஏறின பிள்ளைகள், பிறந்தநாளுக்கு மட்டக்குதிரை வேணும்னு கேட்குது. ஆசை தப்பில்லை. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன்னாடி சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும்.

உயரம் குறைவா இருக்கிறதால் மட்டக்குதிரையை ஆட்டுக்குட்டி மாதிரி நினைக்கிறோம். வெளிநாட்டில் 34 அங்குலத்துக்குள்ளேயே நிற்கிற குட்டை இனம்கூட உண்டு. அதுவும் குதிரைதான். பயந்தா ஓடும், ஓட வழியில்லேன்னா உதைக்கும். கண் இரண்டும் பக்கவாட்டில் இருக்கிறதால், நேர் பின்னாடி நிற்கிறவங்க அதுக்குத் தெரியாது. மூக்குக்கு நேர் முன்னாலும் தெரியாது. அதனால் பிள்ளைகளைப் பின்பக்கம் விடாதீங்க. தோள் பக்கமா, பேச்சுக் கொடுத்துக்கிட்டே போகணும்.

வெடியும் குதிரையும் ஒரே தெருவில் வேண்டாம். குதிரை வந்தா வெடி கிடையாதுன்னு மாமன் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிடுங்க. மேளக்காரர்களும் தள்ளி நிற்கட்டும். லகானைக் குதிரைக்காரரே பிடிக்கணும். கயிறை யாரும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

காதுகுத்துற வயசுக் குழந்தை சேணத்தில் தானா உட்காராது. மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் ஏறினால், விழும்போது இரண்டு பேரும் விழுவாங்க. சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்தே குதிரையின் கழுத்தைத் தொடவிட்டு போட்டோ எடுங்க, போதும். பெரிய பிள்ளை ஏறினால் தலைக்கவசம் போட்டு, பக்கத்தில் ஒருத்தர் பிடித்துக்கொண்டே நடக்கணும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான்.

சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்க. வெப்பம் 37 டிகிரி தாண்டுற இடத்தில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை பாரம் சுமக்கிற, வண்டி இழுக்கிற விலங்குகளை வேலை வாங்கக் கூடாதுன்னு 1965-ம் ஆண்டு மத்திய அரசு விதி சொல்லுது. காலையிலேயே ஊர்வலத்தை முடிச்சுடுங்க. நிழலும் தண்ணீரும் நம்ம பொறுப்பு.

அரளி மாலையைக் குதிரைக்குப் போடாதீங்க. கொஞ்சம் இலை தின்றாலே குதிரை செத்துப்போகும். கேக், லட்டும் கொடுக்க வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தா உயிருக்கே ஆபத்து. அவரோட பிழைப்பே அந்த ஒரு குதிரைதான்னு நினைச்சுக்கோங்க.

மூக்கில் சளி, உடம்பில் புண் இருந்தா அந்தக் குதிரை வேண்டாம். கிளாண்டர்ஸ் என்கிற நோய் குதிரையிலிருந்து மனுஷருக்கும் வரும். கால்நடை மருத்துவர் பார்த்தாரான்னு கேளுங்க. தொட்ட பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவின பிறகுதான் பந்தியில் உட்காரணும்.

கடிச்சா, 15 நிமிஷம் சோப்பும் ஓடுற தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேபிஸ் குதிரைக்கும் வரும். சிராய்ப்புக்கும் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்க. மஞ்சள், காபித்தூள் அப்பாதீங்க. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம் இருந்தா 108-ஐக் கூப்பிடுங்க. குதிரைக்கு முடியலேன்னா 1962.

கடைசியா ஒண்ணு. குழந்தை அழும்போது, "மாமன் ஆசையா கொண்டு வந்தது, ஒரு சுற்று போகட்டும்"னு நாலு பேர் சொல்வாங்க. சபையில் அண்ணன் மனசு நோகுமேன்னு நாம பேசாம நிற்கிறோம். பேங்கில் மேனேஜரிடம் தைரியமா பேசுறோம், இங்கே ஏன் தயங்கணும்? "அண்ணே, புள்ள பயப்படுது, இறக்கிடுவோம்"னு சொல்லுங்க. அண்ணன் கோபம் ரெண்டு நாளில் ஆறிடும். எலும்பு முறிஞ்சா அப்படி ஆறாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசிச்சுக் காட்டுங்க. யார் வீட்டில் விசேஷம் வருதோ, அவங்க கட்டாயம் கேட்கட்டும்.