பால் எடுத்து வைக்கும் கலை

ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. இவர்களில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள், காலையில் சோற்று டப்பாவைக் கட்டுவதோடு இன்னொரு வேலையையும் முடித்துவிட்டுத்தான் வாசல்படி தாண்டுகிறார்கள். தாங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்குக் குழந்தைக்கு வேண்டிய தாய்ப்பாலை எடுத்து, மூடி வைத்துவிட்டு வருகிறார்கள்.

இன்று அந்த வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை ஒரு கலை என்றே சொல்வேன். அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழகப் பழகக் கை திருந்துகிறது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. ஆனால் கோலத்துக்கும் சமையலுக்கும் கிடைக்கிற மதிப்பு இதற்குக் கிடைப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டிய காரியமாகவே இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பெண்ணும் இதைத் தனியாக, முதலிலிருந்து, தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டியிருக்கிறது.

நம் பாட்டிமார்களுக்குப் பாலை நிறுத்தத் தெரிந்திருந்தது. பால் வற்றவேண்டும் என்றால் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த வழக்கத்தை ஆராய்ந்து, மாத்திரைக்கு நிகராக மல்லிகை பாலைக் குறைக்கிறது என்று 1988-ல் எழுதினார்கள். பாலைப் பெருக்கவும் பாட்டிமார்கள் பூண்டும் சுறாப்புட்டும் கொடுத்தார்கள். ஆனால் எட்டு மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருந்து, அதே சமயம் பால் வற்றாமலும் பார்த்துக்கொள்வது எப்படி? அந்தக் கேள்வி நம் காலத்துத் தாய்மார்களுக்கு வந்த கேள்வி. அதற்கான கலையும் நம் காலத்தில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

உடம்பின் கணக்கு எளிமையானது. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாகச் சுரக்கும். வெளியேறாமல் தேங்கினால், போதும் என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். வேலைக்குப் போன சில வாரங்களில் பால் பத்தவில்லை என்று கவலைப்படும் தாய்மார்கள் பலருக்கும் குறை சாப்பாட்டில் இல்லை. காலையிலிருந்து மாலைவரை பாலை எடுக்காமல் விட்டதுதான் காரணம். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது, சேலை நனைகிறது, காய்ச்சல் வருகிறது, கடைசியில் பாலும் குறைகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை வராது.

எடுப்பதற்கு முதல் கருவி கைதான். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் மார்பில் போட்டு, விரல்களால் மெதுவாக நீவிவிட வேண்டும். பிறகு கருவட்டத்தின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால், மேலே கட்டைவிரலும் கீழே மற்ற விரல்களுமாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே ஓர் அழுத்தம், அடுத்து கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி ஓர் அழுத்தம், பிறகு விட்டுவிட வேண்டும். அழுத்துவது, விடுவது, அழுத்துவது, விடுவது, அவ்வளவுதான். விரல் தோலில் தேயக்கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. வலித்தால் முறை தவறு என்று அர்த்தம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுத்தான் வரும். பலர் அங்கேயே மனம் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் பால் இறங்கும். நாலைந்து தாரையாகப் பீய்ச்சும். பிறகு விரல்களைச் சுற்றி நகர்த்தி, எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும்.

இந்தப் பால் இறங்குவது மனசோடு சேர்ந்த காரியம். யாராவது கதவைத் தட்டினால் நின்றுவிடும். குழந்தையின் போட்டோவைப் பார்த்தால், குழந்தையின் சட்டையை முகர்ந்தால், சீக்கிரம் இறங்கும். இது கற்பனையில்லை. ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் வேலை செய்கிற விதம் அப்படி.

அடுத்தது பம்ப். 1950-களில் ஸ்வீடனில் எய்னார் எக்னெல் என்ற பொறியாளர், ஒரு செவிலியரின் துணையோடு, தாயின் உடம்புக்குத் தீங்கு செய்யாத பம்ப் ஒன்றை வடிவமைத்தார். அதற்கு முன்பிருந்த கருவிகள் மாட்டுப் பண்ணை இயந்திரங்களுக்கு உறவானவை. தாய்க்கு வலியைத் தந்தவை. எக்னெல் அழுத்தத்துக்கு ஒரு வரம்பு வகுத்து, இழுப்பும் விடுப்புமாக மாறிமாறி இயங்கும்படி அமைத்தார். இன்று மெடிக்கல் ஷாப்பிலேயே கையால் அமுக்கும் பம்பும் பேட்டரியில் ஓடும் பம்பும் கிடைக்கின்றன.

என் மதிப்பீடு இது. தினமும் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டிய பெண்ணுக்கு பம்ப் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் கையைப் பழகாமல் பம்பை மட்டும் நம்பக்கூடாது. பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் அழுத்தி நீவிவிட்டால் கூடுதலாகப் பால் வருகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரண்ட் போனாலும், ரப்பர் வால்வு கிழிந்தாலும், கை இருக்கிறது. பம்ப் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். மார்பில் பொருந்தும் புனல் உங்கள் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புண்ணாகும். ஒருவர் வீட்டில் பயன்படுத்திய பம்பை இன்னொருவர் இரவல் வாங்கக்கூடாது.

எடுத்த பாலை வைப்பது இரண்டாவது கட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பாலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஊர் அது. கறந்த பாலை வெயில் ஏறவிடாமல் அடுப்பேற்றிவிட வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாய்ப்பால் விஷயத்தில் அந்த அவசரம் மட்டும் பொருந்தும், அடுப்பு பொருந்தாது. தாய்ப்பாலைக் காய்ச்சக்கூடாது. காய்ச்சினால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்து அழிந்துபோகும்.

25 டிகிரி வெப்பத்தில் தாய்ப்பாலை 4 மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பது பொது விதி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த 4 மணி நேரத்தை நம்ப வேண்டாம். எடுத்தவுடன் குளிரில் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அடிக்கடி திறக்கும் கதவும் மின்வெட்டும் உள்ள வீடுகளில் 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிப்பதே பத்திரம். பாலை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். உள்ளே, பின்பக்கமாக வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஃப்ரிட்ஜ் இல்லையா? ஐஸ் கட்டி போட்ட வாயகன்ற ஃபிளாஸ்க் போதும். மூடியுள்ள சின்ன எவர்சில்வர் டப்பாவில் பாலை எடுத்து அதற்குள் வைத்தால் வீடு வரும்வரை தாங்கும்.

குளிரில் வைத்த பாலைப் பார்த்துப் பல மாமியார்கள் பயந்துபோகிறார்கள். மேலே கொழுப்பு ஏடாகத் திரண்டிருக்கும். கீழே நீலம் பாய்ந்தாற்போல் தண்ணீராகத் தெரியும். திரிந்துபோச்சு, தண்ணிப்பாலாப் போச்சு என்று கொட்டிவிடுகிறார்கள். தாய்மார்களே, பெரியவர்களே, அது கெட்டதில்லை. வெந்நீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் டப்பாவைச் சற்று நேரம் நிறுத்தி, மெதுவாகச் சுழற்றினால் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு பெண் ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்த பாலைக் கொட்டுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மூன்றாவது கட்டம், புகட்டுவது. இங்கே நம் வீட்டிலேயே நல்ல கருவி இருக்கிறது: பாலாடை. சில வீடுகளில் சங்கு என்பார்கள். மூக்கு நீண்ட அந்தச் சின்னப் பாத்திரம் இந்தியா முழுவதும் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் பயன்படுகிறது. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைத் தாங்கிக்கொண்டு, பாலாடையின் மூக்கை உதட்டின் ஓரத்தில் வைத்து, கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். குழந்தை விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். படுக்கவைத்து ஊற்றக்கூடாது, மூக்கைப் பிடித்துப் புகட்டக்கூடாது. சற்று வளர்ந்த குழந்தை சின்ன டம்ளரிலேயே குடிக்கும்.

பாட்டிலைவிடப் பாலாடை மேல் என்பது என் தீர்மானமான கருத்து. பாலாடையில் அழுக்குத் தங்க மூலை முடுக்கு இல்லை. பாட்டிலின் ரப்பரிலும் கழுத்திலும் பால் ஒட்டி நின்று, வயிற்றுப்போக்குக்கு வழி செய்கிறது. பாட்டில் விளம்பரத்தை 1992-ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பதும் குழந்தைகளின் நலன் கருதித்தான். ஆனால் காப்பகத்தில் பல குழந்தைகளை ஒரே ஆயா பார்க்கும்போது பாட்டில்தான் வசதி என்பார்கள். அப்படி நேர்ந்தால் தாயைக் குற்றம் சொல்லக்கூடாது. பாட்டிலைச் சுத்தமாக வைக்க உதவ வேண்டும். முந்தின இரவே எல்லாப் பாகத்தையும் பிரித்து, பிரஷ் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். ரப்பரில் மெல்ல ஒழுகும் வகையை வாங்குங்கள். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல், படுக்கை வாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுக்கும்படி ஆயாவிடம் சொல்லுங்கள்.

ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரையான குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி பால் குடிக்கும். எட்டொன்பது மணி நேரப் பிரிவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, 250 முதல் 300 மில்லி வரை தேவைப்படும். அதை ஒரே பாட்டிலில் நிரப்பாதீர்கள். 60 மில்லி, 90 மில்லி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயரும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். முதலில் எடுத்ததை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தை வாய் வைத்து மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கக்கூடாது. சின்ன அளவாக இருந்தால் வீணாவதும் குறையும். வேலையில் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே எடுக்கவும் புகட்டவும் பழகுங்கள். புகட்டுவதைத் தாய் பழக்காமல் பாட்டியோ அப்பாவோ பழக்குவது நல்லது. தாய் பக்கத்தில் இருந்தால் குழந்தை மார்பைத்தானே தேடும்?

இத்தனையும் சொன்ன பிறகு, உண்மையான தடை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கையைப் பழக்கலாம், பம்ப் வாங்கலாம். இருபது நிமிட நேரமும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் இல்லையென்றால் எதுவும் பயன்படாது. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தமிழக அரசு 2015 ஆகஸ்டில் திறந்தது. தாய்மார்களுக்குப் பொது இடத்தில் ஓர் இடம் உண்டு என்று சொன்ன நல்ல காரியம் அது. வேலை செய்யும் இடங்கள் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

சட்டம் இருக்கிறது. 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017-ம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகத்தையும், அந்தக் காப்பகத்துக்கு நாளொன்றுக்கு நான்கு முறை போய்வரும் உரிமையையும் சேர்த்தது. 2020-ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்த உரிமைகள் தொடர்கின்றன. சின்னத் தறிக்கூடத்தில் நாலு பேரோடு வேலை செய்யும் பெண்ணுக்கு இந்தக் காப்பக விதி எட்டாது. அவளுக்கு முதலாளியின் மனசுதான் சட்டம்.

ஆகவே மில் நடத்துகிறவர்களே, தறிக்கூடம் வைத்திருப்பவர்களே, பள்ளித் தாளாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நாற்காலி, ஒரு குழாய், ஒரு தாழ்ப்பாள், முடிந்தால் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். இவ்வளவுதான் செலவு. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்காத இருபது நிமிடத்தை அதோடு சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் கணவர்மார்களே, பாட்டில் கழுவுவதும், பாலாடையைக் கொதிக்கவைப்பதும், டப்பாவில் நேரம் எழுதுவதும் உங்களாலும் முடியும். பால் சுரப்பது ஒன்றுதான் தாய் மட்டும் செய்யக்கூடியது. மற்ற எல்லா வேலையையும் இன்றிரவிலிருந்தே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.