கிணறு வெட்டினால் மட்டும் போதுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மறைந்த தாயாருக்காகச் செய்யும் தர்மத்தில் சிறந்தது எது என ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் வினவியபோது, தண்ணீரே என நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அவரும் ஒரு கிணறு தோண்டி அளித்தார். அவ்வழியில் நாமும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து வருகின்றோம். ஆயின், அந்நீரைச் சோதித்தோமா?

கொல்லிமலையின் மேலே ஊற்றுகளும் ஓடைகளும் உள்ளன. அடிவாரத்திலோ நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கி, பாறையிலுள்ள புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் இது அளவு மிகுந்துள்ளது. 1937-இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் இந்நோய் கண்டறியப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஈறுக்குள் பல்லின் மேற்பூச்சு உருவாகும் ஏறத்தாழ 8 வயது வரை மிகுதியாக உட்கொண்டால், முளைக்கும் பற்களில் வெண்கோடுகளும் பழுப்புக் கறையும் தோன்றும். பல்லாண்டுகள் மிகுதியாகப் பருகினால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

இக்கறை மிஸ்வாக்கினாலும் நீங்காது. 'பல் துலக்கவில்லையா?' என மக்தபில் பிள்ளைகளை நாமே கடிந்திருக்கின்றோம். பெண் பார்க்கும் இடத்திலும் பல்லைக் கண்டு முகம் சுளித்திருக்கின்றோம். அக்குற்றம் பிள்ளைகளுடையதன்று, நாம் அளித்த தண்ணீருடையது.

புளோரைடு கலந்த நீர் தெளிவாகவே இருக்கும்; சுவையினால் அறிய இயலாது. காய்ச்சினாலும் அது அகலாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

எனவே ஜமாஅத்தாருக்கு நமது வேண்டுகோள்: பள்ளிவாசல் கிணற்று நீரையும், தர்மமாக அளித்த ஒவ்வொரு கிணற்று நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிப்போம். அளவு மிகுந்திருப்பின், அந்நீர் ஒளூச் செய்யவும் துவைக்கவும் மட்டும் பயன்படட்டும். குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரையோ, தூய்மையாகச் சேமித்துக் காய்ச்சிய மழைநீரையோ கொள்வோம். மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு. பள்ளிவாசல் மாடியிலேயே அதனைச் சேமிக்கலாம்.

நாம் அளிக்கும் தண்ணீர் நம் பிள்ளைகளுக்கு நலமாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.