எல்லை கடந்த தொண்டு

(நம் சங்கத்து இளைஞர் கூட்டத்திற் பேசியது)



இளைஞர் பிறநாடு சென்று ஊதியமின்றி உழைத்து மீளுதலும், பிறநாட்டார் நம்மிடம் வந்து அவ்வாறே உழைத்தலும் இந்நாளிற் பெருவழக்காயின. அவ்வழக்கம் வளர்ந்த வகையைச் சிறிது கூறி, அதனால் நாம் கொள்ளற்பாலது யாது என்பதனையும் நும்முன் வைக்க விரும்புகின்றேன்.

1916-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு வெர்தூன் என்னுமிடத்தே செர்மானியர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் பத்துத் திங்கள் கொடும்போர் நிகழ்ந்தது. மாண்டோர் ஏறத்தாழ 3,00,000 பேர். அயலூர்கள் பல மண்மேடாயின. அவற்றுள் ஒன்றாகிய எசுன் என்னும் சிற்றூர்க்கு, 1920 நவம்பரில், சிலர் மண்வெட்டியுடன் வந்து சேர்ந்தனர். அவர்க்குத் தலைவர் பியேர் செரெசோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியலார். படைப்பணிக்கு ஈடாக அரசு விதித்த வரியைச் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தவர் அவர். வந்தோருட் செர்மானியரும் இருந்தனர். இடித்த நாட்டாரும் கூடிநின்று கட்டுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. வீடிழந்தார்க்குக் குடில் அமைத்தனர். குண்டு வீழ்ந்த பள்ளங்களைத் தூர்த்தனர்.

ஆயினும், செர்மானியர் அங்கிருத்தற்கு எதிர்ப்பு எழுந்தமையால், சில திங்களில் அம்முகாம் கலைந்தது. இதுபற்றி அவ்வூராரை இகழ்தல் தகாது. மகனைப் புதைத்த மண்ணின் ஈரம் புலருமுன், அவனைக் கொன்ற நாட்டார் கையால் உதவி பெறுதல் எளிதோ? கொடுத்தல் அரிது, பகைத்தவரிடம் பெறுதல் அதனினும் அரிது.

செரெசோல் மனந்தளர்ந்திலர். 1924-இல் தம் நாட்டிலேயே பனிச்சரிவால் அழிந்த ஓர் ஊரைத் துப்புரவு செய்தனர். 1927-இல் ரைன் ஆற்று வெள்ளம் லீக்டன்ஸ்டைன் நாட்டு வயல்களைக் கல்லாலும் மணலாலும் மூடியது. அடுத்த ஆண்டு அவற்றை அகற்றப் பல நாட்டினின்றும் 700-க்கு மேற்பட்டோர் திரண்டனர். எசுனில் ஒரு கைப்பிடி. எட்டாண்டு கழித்து ஒரு படை!

நம் நாட்டிற்கும் அத்தொண்டு வந்தது. 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரில் நிலம் நடுங்கிற்று. இராசேந்திர பிரசாத் முதலியோர் துயர்தீர்ப்புப் பணி நடத்திவந்த அந்நிலத்திற்குச் செரெசோல் அவ்வாண்டே வந்தார். தோழர் சிலருடன் முசாபர்ப்பூர்ப் பகுதியிற் சிற்றூர்களை மீண்டும் எழுப்ப உழைத்தார். அப்பணி 1937 வரை நடந்தது. 1948-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் இத்தகைய முகாம்களை ஒருங்கிணைக்கும் குழு பாரிசில் அமைந்தது. பின்னர்க் கீழ்நாட்டு இளைஞரும் மேல்நாட்டு முகாம்களுக்குச் செல்வாராயினர். அப்பொழுதே அது உண்மையிற் பரிமாற்றமாயிற்று.

இக்காலத்துப் பொருள் கொடுத்துச் சின்னாட் சென்று, தொழிலறியாக் கையாற் சுவரெழுப்பி, நிழற்படத்துடன் மீள்வாரும் உளர். உள்ளூர்க் கொத்தனார் வேலையின்றி நிற்க, இவர் எழுப்பும் சுவரால் யார்க்கு என்ன பயன்? ஊரார் வேண்டுவது யாது என வினவாத தொண்டு தன்னலத்தின் வேறன்று.

இளைஞர்காள்! நம் சங்கம் நம் பிள்ளைகட்குக் கல்விப் பொருளுதவி செய்கின்றது, அது நன்றே. ஆயினும் தொண்டு அவ்வெல்லையில் நின்றுவிடலாமோ? கடல் கடக்குமுன் கடக்கவேண்டிய தெருக்கள் நம் ஊரிலேயே உள. வரும் விடுமுறையில் நம்மவரல்லாதார் வாழும் ஒரு சிற்றூர்க்குச் செல்லுமின். அவர் வேண்டுவதனைக் கேட்டுச் செய்ம்மின்.

பெரியோர்களே! நும்மிடத்தும் ஒன்று கேட்பேன். நாளை அவ்வூர் இளைஞர் நம் தெருவிற்கு உதவ வருவராயின், அவரை இல்லத்துள் அழைத்து உடனுண்போமா? எசுன் ஊரார்க்கு நேர்ந்த அவ்வினா இன்று நமக்கும் உரியது.