பணம் பெறுவதற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை



பழைய மேசை, குழந்தைத் தள்ளுவண்டி முதலியவற்றை ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கம்ட்ரீ போன்ற தளங்களில் விற்போரை ஏமாற்றும் முறையொன்று ஆஸ்திரேலியாவில் பரவலாக உள்ளது.

பொருளைப் பார்க்காமலும் பேரம் பேசாமலும் வாங்க ஒருவர் இசைகிறார். உறவினர் வந்து எடுத்துச் செல்வார் என்றும், பேஐடி மூலம் பணம் அனுப்புவதாகவும் கூறி மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறார். சற்று நேரத்தில், பேஐடியிடமிருந்து வந்தது போன்ற மின்னஞ்சல் வந்து சேர்கிறது. கணக்கை வணிகக் கணக்காக உயர்த்துவதற்காக வாங்குபவர் 500 டாலர் கூடுதலாகச் செலுத்தியுள்ளார், அதைத் திருப்பி அனுப்புங்கள் என்கிறது அது. உண்மையில் அவர் ஒரு சதமும் அனுப்பவில்லை. விற்பவர் ‘திருப்பி’ அனுப்புவது தம் சொந்தப் பணத்தையே.

பேஐடி என்பது தனிக் கணக்கு அன்று. வங்கிக் கணக்குடன் இணைக்கப்பட்ட கைத்தொலைபேசி எண் அல்லது மின்னஞ்சல் முகவரியே அது. பணம் பெறுவதற்கு அதை உயர்த்த வேண்டியதில்லை. பேஐடி எவருக்கும் நேரடியாக மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புவதில்லை. ஆகவே வங்கிச் செயலியைத் திறந்து, பணம் சேர்ந்ததை உறுதிசெய்த பின்னரே பொருளை ஒப்படையுங்கள்.

ஏமாந்திருப்பின் உடனே வங்கியை அழையுங்கள். கணக்குடையவரே அனுப்பிய பணத்தை மீட்பது கடினம். தாமதம் அதை மேலும் கடினமாக்கும். பின்னர் ரிப்போர்ட்சைபர் வழியே காவல்துறைக்கும், ஸ்கேம்வாட்சுக்கும் அறிவியுங்கள். 131 450 என்ற எண்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி முன்கட்டணம் கேட்போரையும் நம்பாதீர்கள்.

ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி அல்லர். வெட்கத்தால் மறைப்பது, அடுத்த வீட்டாரும் ஏமாற வழிவிடும்.