கை ஆடலாம், படம் ஆடக் கூடாது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பொறியாளர் பேச வருகிறார் என்றதும் பாலம், அணை, சாஃப்ட்வேர் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு கம்பியைப் பற்றி. நம்ம ஊர் மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை உள்ளே வரும்போது, வீடியோக்காரத் தம்பி ஒருவர் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, மேலே கேமராவும் கீழே எடையும் உள்ள ஒரு கம்பியைப் பிடித்தபடி படம் எடுப்பாரே, அந்தக் கம்பிதான். ஸ்டெபிலைசர் என்பார்கள். நாம் முதலாண்டில் படித்த இயந்திரவியல் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. அதைவிட முக்கியம், விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை எத்தனையோ இளைஞர்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1970-களின் தொடக்கம் வரை நகரும் காட்சி எடுக்கப் பெரும்பாலும் இரண்டு வழிதான். தண்டவாளம் போட்டு ட்ராலியில் தள்ள வேண்டும். இல்லையென்றால் தோளில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். முதலாவது படி ஏறாது, இரண்டாவது ஆடும். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த காரெட் பிரவுன் என்பவர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். அதுதான் ஸ்டெடிகேம். 1976-இல் வந்த 'பவுண்ட் ஃபார் குளோரி' படத்தில் முதலில் பயன்பட்டது. அந்தப் படம் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது. அதே ஆண்டு வந்த 'ராக்கி' படத்தில் கதாநாயகன் அருங்காட்சியகப் படிகளில் ஓடி ஏறும் காட்சியும் இந்தக் கருவியால் எடுத்ததுதான். 1978-இல் கருவிக்கே ஆஸ்கர் விருது கொடுத்தார்கள். நம் தமிழில் 1991-இல் வந்த 'குணா' ஸ்டெடிகேமுக்காகப் பேசப்படுகிற படம்.

அந்தக் கருவியில் மூன்று பாகம். உடம்பில் மாட்டும் கவசம், ஸ்பிரிங் வைத்த கை, கேமராவைத் தாங்கும் குழாய். கனமான சினிமா கேமராவுக்காகச் செய்தது. பிறகு வீடியோ கேமரா சிறுத்தது, கருவியும் சிறுத்தது. கவசமும் ஸ்பிரிங் கையும் போய், குழாயும் கைப்பிடியும் மட்டும் மிஞ்சின. நம்ம ஊர்த் தம்பிகள் கையில் இருப்பது இந்த வம்சம்.

இப்போது ஒரு கேள்வி. கேமரா லேசானால் வேலையும் லேசாகத்தானே வேண்டும்? இல்லை. இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

கழைக்கூத்தாடியைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின்மேல் நடக்கும்போது நீண்ட கம்பு ஒன்றைக் குறுக்கே பிடித்திருப்பார். அந்தக் கம்பு எதற்கு? எடை நடுவிலிருந்து விலக விலக, அதைத் திருப்புவது கடினம். நிலைமத் திருப்புத்திறன் என்று பரீட்சையில் எழுதினோமே, அதுதான் அவர் உயிரைக் காப்பாற்றுகிறது. உடம்பு சாய முற்படும்போது கம்பு மெதுவாகத்தான் திரும்பும். சமாளிக்க அவருக்கு நேரம் கிடைக்கும். ஸ்டெபிலைசர் என்பது அந்தக் கம்பை நிமிர்த்தி வைத்ததுதான். கேமரா லேசானால் இந்தத் திறன் குறைகிறது. விரல் பட்டாலே திரும்பும், மின்விசிறிக் காற்றுக்கே ஆடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமரா 700 கிராம், கைப்பிடி மூட்டிலிருந்து 15 செ.மீ. மேலே. கீழ் எடை 42 செ.மீ. கீழே. 700-ஐ 15-ஆல் பெருக்கினால் 10,500. அதை 42-ஆல் வகுத்தால் 250 கிராம் கீழே தொங்க வேண்டும். குழாயின் எடையை விட்டுவிடுவோம். இப்போது கேமராவுக்கு அடியில் 500 கிராம் இரும்புத் தகடு ஒன்றை வையுங்கள். மேலே 1,200 கிராம், கீழே சுமார் 430 கிராம். நிலைமத் திருப்புத்திறன் 1.7 மடங்காகிறது. சரி, இவ்வளவு சுமக்கக் கை வலிக்கும் என்கிறீர்களா? தகடு வேண்டாம், குழாயின் கீழ்ப்பகுதியை 60 செ.மீ.க்கு நீட்டுங்கள். கீழே 175 கிராம் போதும், திறன் 1.3 மடங்கு. எடை குறைகிறது, நிதானம் கூடுகிறது. ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது முழங்காலில் இடிக்கும். எதை விட்டு எதை எடுப்பது என்று முடிவு செய்வதுதானே நம் தொழில்!

இனி மாட்டுகிற முறை. முதலில் கேமராவை முழுசாகத் தயார் செய்யுங்கள். பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் எல்லாம் போட்டு, மூடியை எடுத்து, கழுத்து வாரைக் கழற்றி, திரையைத் திறந்து வைத்து, எந்த ஜூமில் எடுக்கப் போகிறீர்களோ அதில் நிறுத்திய பிறகுதான் சமன் செய்ய வேண்டும். சமன் செய்துவிட்டுத் திரையைத் திறந்தால் எல்லாம் போச்சு. அந்தச் சின்னத் திரையின் எடைகூட லேசான கேமராவைச் சாய்த்துவிடும்.

அடுத்து, ஒரு பென்சிலின்மேல் கேமராவை வைத்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த இடம் குழாய்க்கு நேர்மேலே வரும்படி மாட்டுங்கள். முன்னே சாய்ந்தால் பின்னே தள்ளுங்கள், மில்லிமீட்டர் கணக்கில். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, விழுகிற சோதனை. குழாயைக் கிடைமட்டமாகப் பிடித்துக் கையை விடுங்கள். அது நிமிர்ந்து செங்குத்தாக வர ஏறக்குறைய இரண்டு வினாடி ஆக வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் அடிக்கனம் அதிகம். எடையைக் குறையுங்கள், அல்லது மூட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நிமிரவே சோம்பல் பட்டால் மூட்டை மேலே ஏற்றுங்கள்.

இந்தச் சோதனை தெரியாததால் ஒரு குடும்பமே தவித்ததைச் சொல்கிறேன். திண்டிவனத்தில் எங்கள் உறவுக்காரத் தம்பி ஒருவர் கல்யாண வீடியோ எடுக்கிறார். தவணையில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினார். இரண்டு முகூர்த்தம் எடுத்தார், இரண்டு வீட்டாரும், "என்னப்பா, கப்பல்ல எடுத்த மாதிரி இருக்கு" என்று பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர், "அண்ணே, இது டூப்ளிகேட் அண்ணே, வித்துடப் போறேன்" என்று என்னிடம் வந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். எடை கூடினால் ஆடாது என்று யாரோ சொன்னதை நம்பி, கீழ்த்தட்டில் இருந்த எடை அத்தனையையும் மாட்டியிருந்தார். விட்டால் அரை வினாடியில் நிமிர்கிறது. அது ஸ்டெபிலைசர் இல்லை, ஊஞ்சல்! பேருந்தில் பிரேக் போட்டால் மேலே தொங்கும் கைப்பிடிகள் எல்லாம் முன்னால் ஆடுமே, அதேபோல் அவர் நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் கேமரா சாய்ந்துகொண்டிருந்தது. கீழே பாதி எடையைக் கழற்றினோம். மேலே ஒரு தகடு வைத்தோம். தகட்டுக்கான விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கருவியில் ஒரு குறையும் இல்லை. அடுத்த தை மாதத்திலிருந்து அதே கருவியில்தான் எடுக்கிறார், தவணையும் கட்டுகிறார்.

நான்காவது ஒன்று உண்டு. குழாயை மெதுவாகத் தன்னைத்தானே சுற்ற விடுங்கள். நிற்கும்போது சமனாக இருந்தது, சுற்றும்போது தலையை ஆட்டுகிறதா? மேலே கேமரா பின்தள்ளியும் கீழே எடை முன்தள்ளியும் இருக்கிறது என்று பொருள். தராசில் சரியாக நிற்கும், சுழற்சியில் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். மேலும் கீழும் எடையைக் குழாயின் நேர்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இனிப் பிடிக்கிற முறை. ஒரு கை சுமக்கும், ஒரு கை சொல்லும். சுமக்கிற கை கைப்பிடியில். சொல்கிற கையின் இரண்டு விரல் மட்டும் மூட்டுக்குச் சற்றுக் கீழே குழாயைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் உங்கள் நடுக்கம் முழுசாகக் கேமராவுக்குப் போய்விடும். குழந்தையை நடக்கப் பழக்கும்போது விரலைக் கொடுப்போமே, அப்படி.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தக் கருவி சாய்வதையும் திரும்புவதையும் தடுக்கும். மேலும் கீழும் குதிப்பதைத் தடுக்காது. அதற்குத்தான் பெரிய கருவியில் ஸ்பிரிங் கை இருந்தது. நமக்கு அந்த ஸ்பிரிங் முழங்கையும் முழங்காலும்தான். தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் நம் அம்மாக்களின் நடையைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கும், குதிகால் பட்டு விரல் வரை பாதம் உருளும், தலை ஒரே மட்டத்தில் போகும். அந்த நடைதான். அகன்ற லென்ஸ் போடுங்கள்; ஜூம் செய்தால் ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும். மண்டபத்தில் ஸ்டாண்டு ஃபேனின் நேர்க்காற்றில் நிற்காதீர்கள். மரக்காணம் கடற்கரையில் எடுக்கிறவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. ஷட்டரை 50-இல் ஒரு பங்கோ 100-இல் ஒரு பங்கோ வைத்தால் விளக்கு மினுக்கல் பெரும்பாலும் வராது.

"இப்போதெல்லாம் மோட்டார் வைத்த கிம்பல் வந்துவிட்டதே, இது எதுக்கு சார்?" என்று தம்பிகள் கேட்கலாம். நல்ல கருவிதான். அதற்குள் இருக்கும் உணரி சாய்வை அளந்து, மோட்டார் உடனே எதிர்ப்பக்கம் திருப்புகிறது. ஆனால் அதையும் முதலில் கையால் சமன் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் மோட்டார் உங்கள் சோம்பலைச் சுமந்துகொண்டு சூடேறும், பேட்டரி பாதி நிகழ்ச்சியில் தீரும். நடையின் குதிப்பை அதுவும் நீக்காது. ஆக, கருவி மாறினாலும் பாடம் மாறவில்லை.

கல்யாணம் மட்டுமல்ல. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் விழாவையும் பாரதக் கூத்தையும் ஆராய்ந்து, அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் பெரிய நூலே எழுதினார். எங்கிருந்தோ வந்தவருக்குத் தெரிந்தது நம் மண்ணின் பெருமை. அர்ச்சுனன் தபசில், நடிகர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுகிறார். மக்கள் சுற்றிலும் நிற்கிறார்கள். முக்காலியில் நிறுத்திய கேமராவுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மரத்தைச் சுற்றி நடந்து எடுத்தால்தான் அந்த இரவு முழுசாகக் கிடைக்கும். இன்று ஆடுகிற மூத்த கலைஞர்கள் எத்தனை ஆண்டு ஆடுவார்கள்? பதிவு ஆடிக்கொண்டே இருந்தால் பின்னால் வருகிறவன் அடவைக் கற்றுக்கொள்ள முடியுமா?

ஆகவே இந்தச் சபையில் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிப் பணிமனையில் கடைசல் இயந்திரம் இருக்கிறது, துளையிடும் இயந்திரம் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, சுற்றுவட்டார வீடியோக்காரத் தம்பிகளை உள்ளே அழைப்போம். மாணவர்கள் அவர்களுடைய கருவியைச் சமன் செய்து தரட்டும், தேவையான தகடும் எடையும் கடைந்து தரட்டும். இரும்புக்கு ஆகும் செலவை முதல் ஆண்டு முழுவதும் எங்கள் வகுப்பு நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம். நேற்றே பேசி முடித்துவிட்டோம். கைமாறாக அவர்கள் நம் மாணவர்களுக்கு நடக்கக் கற்றுத்தரட்டும். அது நம் பாடப் புத்தகத்தில் இல்லை.

பிறகு, வருகிற திருவிழாக் காலத்தில் ஒரே ஒரு கூத்தை, ஒரே ஒரு இரவு, இரு தரப்பும் சேர்ந்து பதிவு செய்து நம் நூலகத்தில் வைப்போம். முதல்வர் அவர்கள் இசைவு தருவார்கள் என்று நம்புகிறேன்.