ஊருக்குச் செல்வோர் உடல்நலம் காத்தல்: தொண்டைமானாறு செல்லும் குடும்பங்களுக்கான உரை

(ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கும் தமிழ்பேசும் குடியிருப்பாளர்களுக்கான தகவல் உரையின் எழுத்து வடிவம்)



நோர்வேஜியக் குடும்பமொன்று தாய்லாந்தின் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிற்கு விடுமுறையில் செல்வதாயின், புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே தடுப்பூசி குறித்து விசாரிக்கும். தமிழ்க் குடும்பமொன்று தொண்டைமானாற்றிற்குச் செல்வதாயின் அவ்வாறு விசாரிப்பது குறைவு. காரணம் எளிது. அது வெளிநாட்டுப் பயணமாகக் கருதப்படுவதில்லை. ஊருக்குப் போவதாகவே கருதப்படுகின்றது. பிறந்த நாட்டிற்கு உறவினரைக் காணச் செல்வோர், சுற்றுலாப் பயணிகளைவிடக் குறைவாகவே மருத்துவ ஆலோசனை பெறுகின்றனர் என்பதும், நெருப்புக் காய்ச்சல் போன்ற நோய்களுக்கு அவர்களே அதிகம் ஆளாகின்றனர் என்பதும் பல நாடுகளில் அறியப்பட்ட உண்மைகளாகும்.

தொண்டைமானாறு வடமராட்சியில் நீரேரியும் கடலும் கூடுமிடத்தில் அமைந்த சிற்றூர். அன்னதானக் கந்தன் எனப் போற்றப்படும் செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் அந்நீர்க்கரையிலேயே உள்ளது. அங்கு பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அவ்வூரின் ஒவ்வோர் ஒழுங்கையும் தெரியும். ஆயினும் முப்பது ஆண்டுகள் ஒஸ்லோவில் வாழ்ந்த உடல், அவ்வூரின் வெயிலுக்கும் நீருக்கும் பழக்கம் இழந்துவிடுகின்றது. ஹவுகன்ஸ்டுவாவில் பிறந்த பிள்ளைக்கோ அப்பழக்கம் என்றுமே இருந்ததில்லை.

முதலாவது தடுப்பூசி. சிறுவயதில் ஊரில் செங்கண்மாரி வந்து தேறிய பெற்றோருக்கு ஹெப்பற்றைற்றிஸ் ஏ நோய்க்கு எதிரான வலு இருக்கக்கூடும். அவ்வலு பிள்ளைக்குக் கடத்தப்படுவதில்லை. நோர்வேயின் சிறுவர் தடுப்பூசித் திட்டத்திலும் அத்தடுப்பூசி இடம்பெறவில்லை. நெருப்புக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கும் மீண்டும் வரலாம். ஏற்புவலி, தொண்டைக் கரப்பன், போலியோ ஆகியவற்றிற்கான தடுப்பூசியை வளர்ந்தோர் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். சின்னமுத்துத் தடுப்பூசி நோர்வேயில் 15 மாதத்திலேயே வழங்கப்படுகின்றது. அதற்கு முன்னர் பயணம் செய்யும் குழந்தைக்கு முற்கூட்டியே வழங்குவது பற்றிச் சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பயணத் தடுப்பூசிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்னர் குடும்ப வைத்தியரையோ பயணத் தடுப்பூசி நிலையத்தையோ நாடுதல் நன்று.

இரண்டாவது நீரும் உணவும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். மலக்குழியின் கழிவு அந்நிலத்தினூடே கிணற்றைச் சென்றடைவது எளிது. நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பது அது தூயது என்பதற்குச் சான்றாகாது. கொதித்தாறிய நீரையோ முத்திரை உடைக்கப்படாத போத்தல் நீரையோ பருகுதல் வேண்டும். அன்னதானத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆவி பறக்கப் பரிமாறப்படும் சோறும் கறியும் பொதுவாகப் பாதுகாப்பானவை. நெடுநேரம் ஆறிக் கிடந்த உணவும், வெட்டி வைக்கப்பட்ட பழமும், சாதாரண நீரில் செய்த பனிக்கட்டியுமே கவனத்திற்குரியவை. வயிற்றோட்டம் ஏற்படின் மருந்தகங்களில் கிடைக்கும் ஜீவனியைக் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். குழந்தை சோர்ந்து, சிறுநீர் குறையுமாயின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

மூன்றாவது நுளம்பு. இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அச்செய்தியைக் கேட்டு நுளம்பை மறந்துவிடலாகாது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளானதாகப் பதிவாகியுள்ளது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே இரவு வலை மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் நோர்வேயிலிருந்து கொண்டுசென்ற இபக்ஸ் மாத்திரையையோ அஸ்பிரினையோ கொடுத்தலாகாது. டெங்குவில் அவை இரத்தக் கசிவை அதிகரிக்கும். பனடோல் அல்லது பரசெத் மட்டும் உரிய அளவில் கொடுக்கலாம். காய்ச்சல் தணியும் வேளையிலேயே டெங்கு கடுமையடைவது உண்டு என்பதால், அந்நாள்களில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் செல்வோர் எலிக்காய்ச்சலையும் அறிந்திருத்தல் வேண்டும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அது பரவி உயிர்களைப் பலிகொண்டது. காலில் காயத்துடன் வெள்ளநீரிலோ வயற்சேற்றிலோ இறங்குவதைத் தவிர்த்தல் வேண்டும்.

நான்காவது நாய்க்கடி. நோர்வேயில் வளரும் பிள்ளை எந்த நாயையும் தடவிக்கொடுக்கத் துணியும். 2019ஆம் ஆண்டு நோர்வேஜிய இளம்பெண் ஒருவர், பிலிப்பைன்ஸில் விடுமுறையின்போது வீதியோர நாய்க்குட்டி ஒன்றைப் பராமரிக்கையில் ஏற்பட்ட சிறு கடியினால் விசர்நோய்க்கு ஆளாகி, நாடு திரும்பிய பின்னர் உயிரிழந்தார். நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் பயன்தரும் சிகிச்சை இல்லை. அதற்கு முன்னர் தடுப்பூசி பெற்றால் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கலாம். நாய், பூனை, குரங்கு எதுவாயினும் கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். தொண்டைமானாற்றிலிருந்து மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் செல்லத்தக்க தூரத்தில் உள்ளன. ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. ஆதலின் ஏசமாட்டோம் என்னும் உறுதியைப் பெற்றோர் முற்கூட்டியே அளித்தல் வேண்டும்.

ஐந்தாவது ஆறும் வீதியும். பாடசாலை நீச்சல் தடாகத்தில் கற்ற நீச்சல், அடி தெரியாத சேற்று நீருக்குப் போதுமானதன்று. தடுப்பணைக் கதவுகளின் அருகிலும் முகத்துவாரத்திலும் எவரும் இறங்கலாகாது. தீர்த்தமாடும் வேளையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் நிற்றல் வேண்டும். வீதியில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்லும். நோர்வேயில் முதலில் இடப்புறம் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, அங்கு முதலில் வலப்புறம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தல் அவசியம். மைத்துனரின் மோட்டார் சைக்கிளில் கோயிலுக்குச் செல்லும் குறுந்தூரத்திற்கும் தலைக்கவசம் வேண்டும்.

இனி ஆவணங்கள். ஐரோப்பிய சுகாதார அட்டை இலங்கையில் செல்லுபடியாகாது. தனிப்பட்ட பயணத்தில் அங்கு ஏற்படும் சிகிச்சைச் செலவையோ, நோயாளரை நோர்வேக்குக் கொண்டுவரும் செலவையோ ஹெல்ஃபோ ஏற்பதில்லை. பயணக் காப்புறுதி ஒன்றே வழி. சில காப்புறுதிகள் 45 நாள்களுடன் முடிவடையும். மூன்று மாதம் தங்கும் முதியோர் நீடிப்புப் பெறுதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய், தகுந்த அனுமதிப்பத்திரமின்றி வாகனம் ஓட்டியது ஆகிய காரணங்களால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆகவே நிபந்தனைகளைப் புறப்படுமுன் வாசித்து, ஐயமிருப்பின் எழுத்து மூலமே பதில் பெறுதல் வேண்டும்.

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைத் தங்கும் நாள்களுக்கும் அதற்குச் சற்று மேலாகவும் எடுத்துச் செல்லல் வேண்டும். இன்சுலின் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும்; விமானத்தின் சரக்கறையில் அது உறைந்து பயனற்றதாகலாம். மருந்துகளின் பெயர் எழுதிய ஆங்கிலக் கடிதத்தைக் குடும்ப வைத்தியரிடம் பெறலாம்.

கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகம் 2023இல் மூடப்பட்டு, அதன் பணி புதுடில்லித் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவசர வேளையில் நோர்வே வெளிநாட்டமைச்சை எந்நேரமும் +47 23 95 00 00 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். இலங்கையில் 1990 என்னும் இலவச நோயாளர் காவுவண்டிச் சேவை வடமாகாணத்திலும் இயங்குகின்றது. இவ்விரு இலக்கங்களும் பிள்ளைகளின் தொலைபேசியிலும் பதியப்படுதல் நன்று.

திரும்பிய பின்னர் காய்ச்சல் வந்தால், தடிமன் எனக் கருதி இருந்துவிடலாகாது. குடும்ப வைத்தியரையோ, அவரது நேரம் முடிந்திருப்பின் 116117 என்னும் இலக்கத்தையோ அழைத்து, எந்த நாட்டிலிருந்து எந்நாளில் திரும்பினார் என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறுதல் வேண்டும். ஒஸ்லோ வைத்தியர் டெங்குவை நினைப்பதற்கு அத்தகவல் தேவை. தமிழில் விளக்கம் வேண்டுவோர் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம். பிள்ளைகளை அப்பணிக்கு அமர்த்துதல் முறையன்று.

இவ்வாண்டு பயணச்சீட்டுப் பதிவு செய்த குடும்பங்கள், அதே வாரத்தில் தடுப்பூசிக்கான நேரத்தையும் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன. அனைவரும் நலமே சென்று, நலமே திரும்புக.